பாரிஸிலிருந்து ஒரே நாளில் ரூவான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஊரிலிருந்தும் பாரிஸுக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஐஃபல் கோபுரம் பார்த்து, லா ஷப்பலில் சாமான் வாங்கி முடித்த கையோடு "ஒரு நாள் எங்கேயாவது வெளியே போய்வரலாமா?" என்று கேட்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் ரூவான் என்றுதான் சொல்லுவேன். மாமி, சித்தப்பா, அவர்களின் பிள்ளைகள் என்று பலரைக் கூட்டிப்போயிருக்கிறேன், தனியாகவும் போயிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

வெர்சாய் பக்கத்திலேயே இருக்கும்போது ரூவானுக்கு ஏன் போக வேண்டும்?

வெர்சாய் ஒரு அரண்மனை, ரூவான் ஒரு ஊர். அரண்மனையில் வரிசையில் நின்று உள்ளே போய், கூட்டத்தோடு நகர்ந்து வெளியே வருகிறோம். ரூவானில் ஆட்கள் குடியிருக்கிற தெருவுக்குள்ளேயே 600 வருடப் பழைய வீடுகள் நிற்கின்றன, கீழே ரொட்டிக்கடை, மேலே யாரோ ஜன்னலில் துணி உதறுகிறார்கள். நார்மண்டியின் பழைய தலைநகரம் இது. ஜோன் ஆஃப் ஆர்க்கை எரித்த ஊர், ஓவியர் மோனே வரைந்த கதீட்ரல் இருக்கிற ஊர், இரண்டாம் உலகப்போரில் பாதி எரிந்து போய் மறுபடி எழுந்த ஊர். பார்க்க வேண்டியவை எல்லாமே ஒரு மணி நேரம் கூட நடக்கத் தேவையில்லாத சின்ன வட்டத்துக்குள் இருக்கின்றன என்பதால் ஒரு நாளுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

எப்படிப் போவது?

சென் லசார் ஸ்டேஷனிலிருந்து ரயில். வேகமானதில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம், நின்று நின்று போவது என்றால் ஒன்றரை மணிக்கு மேலாகும். லா ஷப்பல், கார் து நோர் பக்கத்தில் தங்கியிருப்பவர்கள் மஜெந்தா ஸ்டேஷனில் எர்.இ.எர். இ (RER E) என்கிற புறநகர் ரயிலைப் பிடித்தால் நேராக ஓஸ்மான் சென் லசாரில் இறங்கலாம், சுரங்கம் வழியாகவே ரயில் ஸ்டேஷனுக்குள் போய்விடலாம்.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். நவிகோ பயண அட்டை பாரிஸ் வட்டாரத்துக்கு மட்டும்தான், ரூவான் வரைக்கும் செல்லாது. தனி டிக்கெட் எடுக்க வேண்டும், முன்கூட்டியே எடுத்தால் விலை குறையும். அடுத்தது ஊர்ப்பெயர். பிரான்ஸில் ருவாயான் என்று அட்லாண்டிக் கடற்கரையில் ஒரு ஊர், ரோவான் என்று லியோன் பக்கத்தில் இன்னொரு ஊர். ஃபோனில் அவசரமாகத் தட்டும்போது பட்டியலில் மூன்றும் அடுத்தடுத்து வந்து நிற்கும். "ரூவான் ரிவ் துருவாத்" என்று வலதுகரை ஸ்டேஷனின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து விட்டுக் காசு கட்டுங்கள்.

எந்தக் கிழமையில் போவது நல்லது?

புதன் முதல் சனி வரை. திங்களன்று பெரிய கடிகாரத்தின் கோபுரம் மூடியிருக்கும், கதீட்ரலும் காலையில் திறக்காது. செவ்வாயில் நுண்கலை அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஞாயிறு கூட்டம் குறைவு, ஆனால் கடைகள் பலவும் சாத்தியிருக்கும். நாங்கள் ஒருமுறை திங்கட்கிழமை போய், கடிகாரத்தில் ஏறலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த பிள்ளையைச் சமாதானப்படுத்தப் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது.

ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும்?

முதலில் ஸ்டேஷனையே நின்று பாருங்கள். 1928இல் திறந்தது, பக்கத்தில் மணிக்கூண்டோடு. வெளியே வந்தால் எதிரே சரிந்து இறங்குகிற நேர் வீதி ஜோனின் பெயரைக் கொண்டது, அதுவே சேன் நதிவரை போகும். அதில் இறங்கத் தொடங்கிய கொஞ்ச தூரத்தில் இடதுகைப் பக்கம் உருண்டையான ஒரு கல் கோபுரம் தெரியும். பிரெஞ்சு அரசன் இரண்டாம் பிலிப் 1204இல் நார்மண்டியைப் பிடித்த பிறகு கட்டிய கோட்டையில் மிஞ்சியது அது ஒன்றுதான். ஜோன் அடைபட்டிருந்தது இந்தக் கோபுரத்தில் இல்லை, அதே கோட்டையின் வேறொரு கோபுரத்தில், அது இப்போது இல்லை. ஆனால் 1431 மே 9ஆம் தேதி அவளை இங்கேதான் கொண்டுவந்து சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டினார்கள். அவள் மசியவில்லை. நாளின் தொடக்கத்திலேயே இந்தக் கோபுரத்தைப் பார்த்து விட்டுப் போனால் அடுத்துப் போகிற சந்தைச் சதுக்கம் வேறு மாதிரித் தெரியும். அதனால்தான் இந்த வழியைச் சொல்கிறேன்.

ஜோனை எரித்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?

வியூ மார்ஷே, அதாவது பழைய சந்தை. பெயருக்கு ஏற்றபடி இன்றும் காய்கறி, மீன், சீஸ் விற்கிற சின்னச் சந்தைக் கூடம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், பூச்செடிகளுக்கு நடுவே, எரித்த இடத்தைக் காட்டும் பலகை, உயரமான ஒரு சிலுவை, அவ்வளவுதான். பெரிதாக எதையோ எதிர்பார்த்து வருகிறவர்கள் "இதுதானா?" என்று கேட்பார்கள்.

கதை தெரிந்தால் அந்தச் சின்ன இடமே போதும். நாட்டுப்புறத்துப் பெண், ஆங்கிலேயர் முற்றுகையிலிருந்து ஓர்லியானை மீட்கப் படையோடு போனவள், 1430இல் கொம்பியேனில் பிடிபட்டாள். ஆங்கிலேயர் அவளைக் காசு கொடுத்து வாங்கி, தங்கள் கையிலிருந்த ரூவானுக்குக் கொண்டுவந்து, பிஷப் பியர் கொஷோன் தலைமையில் மதத்துரோக வழக்கு நடத்தினார்கள். மே 24ஆம் தேதி சென் துவான் மடத்தின் இடுகாட்டில், கூட்டத்தின் முன்னால், உயிருக்குப் பயந்து தன் வாக்கை மாற்றிக் கையெழுத்துப் போட்டாள். சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். மே 30 காலையில் இந்தச் சந்தையில் எரித்தார்கள். வயது ஏறக்குறைய 19. யாரும் எடுத்துவைத்துக் கும்பிடக் கூடாது என்று சாம்பலைச் சேன் நதியில் கொட்டினார்கள். 1456இல் இதே ஊரில் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தார்கள், 1920இல் திருச்சபை அவளைப் புனிதராக்கியது.

சிலுவைக்குப் பக்கத்தில் கூரை வளைந்தும் நெளிந்தும் கிடக்கிற புதுமாதிரிக் கட்டடம் ஒன்று, மீன் மாதிரி, கவிழ்த்த படகு மாதிரி, தீ மாதிரி என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதுதான் 1979இல் லூயி அரெத்ஷ் கட்டிய ஜோன் தேவாலயம். வெளியிலிருந்து பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. தயவுசெய்து உள்ளே போங்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்க 16ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடி. பக்கத்தில் இருந்த சென் வென்சான் தேவாலயத்துக் கண்ணாடிகள் அவை. போர் வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே கழற்றிப் பாதுகாப்பாக ஒளித்துவைத்தார்கள், 1944இல் தேவாலயம் குண்டில் அழிந்தது, கண்ணாடி பிழைத்தது. அந்தக் கண்ணாடிகளுக்கு ஏற்றபடிதான் புதுத் தேவாலயத்தின் சுவரையே அமைத்திருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து ஒரு கால் மணி நேரம் வெளிச்சத்தைப் பாருங்கள், என்னைக் கேட்டால் ஊரிலேயே மனசு அடங்குகிற இடம் அதுதான்.

பெரிய கடிகாரத்தில் ஏறத்தான் வேண்டுமா, கீழே நின்று பார்த்தால் போதாதா?

சந்தையிலிருந்து கதீட்ரலுக்குப் போகிற நடைபாதைத் தெருவுக்குக் குறுக்கே ஒரு வளைவு, அதன் மேல் தங்க நிறத்தில் குரோ ஓர்லோஜ். இயந்திரம் 1389ஐச் சேர்ந்தது, நாம் பார்க்கிற முகப்பு 1520களில் வைத்தது. ஒரே ஒரு முள்தான், நிமிட முள் கிடையாது. அதன் நுனியில் ஒரு குட்டி ஆடு இருப்பதைக் கவனியுங்கள். கம்பளித் துணியால் பணக்காரரான ஊர் என்பதால் ஊர்ச் சின்னத்திலேயே ஆடு உண்டு, வளைவின் அடியில் அண்ணாந்து பார்த்தால் நல்ல மேய்ப்பனும் ஒரு மந்தை ஆடுகளும் செதுக்கியிருக்கும். முகப்புக்கு மேலே உருண்டை ஒன்று நிலவின் வளர்பிறை தேய்பிறையைக் காட்டும், கீழே அந்தந்தக் கிழமைக்குரிய தெய்வம் தேரில் வரும். திங்களுக்குச் சந்திரன், செவ்வாய்க்கு அந்தக் கிரகத்தின் தெய்வம் என்று நம் கிழமைக் கணக்கோடு அப்படியே பொருந்துவதைக் காட்டினால் பெரியவர்களுக்குப் பிடிக்கும்.

முட்டிவலி இல்லாதவர்கள் ஏறுங்கள். வழியில் கடிகாரக்காரர் குடியிருந்த அறைகளும் பழைய இயந்திரமும் இருக்கின்றன, உச்சியிலிருந்து கூரைகளுக்கு மேலே கதீட்ரல் நிற்கிற காட்சிக்காகவே காசு கொடுக்கலாம். படிகள் குறுகல், சுழன்று போகும்.

அந்தத் தெருவிலிருந்து ஒரு தெரு தள்ளித்தான் நீதிமன்ற மாளிகை. அதன் சுவரில் 1944 குண்டுச் சிதறல்கள் குத்திய பள்ளங்களை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், கையால் தொட்டுப் பார்க்கலாம். முற்றத்தின் அடியில் 1976இல் தோண்டியபோது கி.பி. 1100ஐ ஒட்டிய ஒரு யூதக் கட்டடம் கிடைத்தது, பிரான்ஸில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய யூதக் கட்டடம். அதற்கு வழிகாட்டியோடு மட்டும்தான் போக முடியும், முன்பதிவு வேண்டும்.

கதீட்ரலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

வெளியே அரை மணி, உள்ளே ஒரு மணி. அதற்குக் குறைத்தால் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

வெளியே நின்று முதலில் இரண்டு கோபுரங்களையும் ஒப்பிடுங்கள், ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது. இடது பக்கம் இருப்பது பழையது, 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. வலது பக்கம் இருப்பது 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது, அதற்குப் பெயரே வெண்ணெய்க் கோபுரம். தவக்காலத்தில் வெண்ணெயும் பாலும் சாப்பிட அனுமதி வேண்டும் என்றால் காணிக்கை கொடுக்க வேண்டும், அந்தக் காசில் எழுந்தது என்பதால் அந்தப் பெயர். நார்மண்டிக்காரர்களுக்கு வெண்ணெய் இல்லாமல் நாற்பது நாள் என்றால் எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று 75 மீட்டர் உயரத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

நடுவில் ஊசி மாதிரி மேலே போவது கல் இல்லை, வார்ப்பிரும்பு. பழைய மரக்கூர் 1822இல் இடி விழுந்து எரிந்துபோனது, அதற்குப் பதிலாக இரும்பில் கட்ட ஆரம்பித்து 1876இல் முடித்தார்கள். 151 மீட்டர். ஜெர்மனியில் கொலோன் கதீட்ரல் 1880இல் முடியும் வரை நாலு வருடம் உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதான், பிரான்ஸில் இன்றும் இதைவிட உயரமான தேவாலயம் இல்லை. 2024 ஜூலையில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது அந்தக் கூரில் தீப்பிடித்துப் புகை எழுந்ததை டிவியில் பார்த்து, பாரிஸில் எரிந்த நோத்ர் தாம் மாதிரி ஆகிவிடுமோ என்று நெஞ்சு பதறியது, நல்லவேளை, சில மணி நேரத்தில் அணைத்துவிட்டார்கள்.

உள்ளே பின்பக்கம் சுற்றி நடந்தால் கல்லில் படுத்திருக்கிற ராஜாக்கள். வைக்கிங் தலைவனாக வந்து 911இல் நார்மண்டியைப் பெற்ற ரொல்லோ ஒருவர். இன்னொருவர் சிங்கநெஞ்சன் ரிச்சர்ட். இங்கிலாந்தின் அரசர், 1199இல் இறந்தார். உடல் ஃபோந்த்வ்ரோ மடத்தில், குடல் இறந்த ஊரான ஷாலூவில், இதயம் மட்டும் ரூவானில். 1838இல் ஈயப்பெட்டியோடு அதைத் தோண்டி எடுத்தார்கள். உள்ளே பொடியாகிப் போயிருந்ததை அண்மையில் விஞ்ஞானிகள் ஆராய்ந்து சாம்பிராணி, புதினா, பாதரசம் போன்றவற்றின் தடயங்களைக் கண்டுபிடித்தார்கள், கெட்டுப்போகாமல் இருக்கவும் மணக்கவும் போட்டவை. அந்தச் சிலையைப் பார்த்துவிட்டு வடக்குப் பக்கம் வந்தால் அழகான ஒரு கல் படிக்கட்டு, ஒருகாலத்தில் புத்தக அறைக்கு ஏறியது.

மோனே வரைந்த கதீட்ரல் ஓவியங்களை ரூவானிலேயே பார்க்க முடியுமா?

ஒன்றைப் பார்க்கலாம். 1892லும் 1893லும் குளிர்காலக் கடைசியில் வந்து, எதிர் வரிசைக் கட்டடங்களில் அறை எடுத்து, பல கேன்வாஸ்களை வரிசையாக நிறுத்தி, வெளிச்சம் மாற மாற ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி அவர் வரைந்தவை ஏறக்குறைய 30. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, ஐந்து பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில். ரூவான் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருப்பது மேகம் மூடிய நாளில் சாம்பல் நிறத்தில் வரைந்தது. நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமில்லை. கரவாஜ்ஜோவின் ஓர் ஓவியமும் அங்கே உண்டு, ஏசுவைத் தூணில் கட்டி அடிக்கிற காட்சி.

என் யோசனை, ஓவியத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள். காலையில் ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை என்று கதீட்ரல் முகப்பை நீங்களே இரண்டு தடவை பாருங்கள். காலையில் சாம்பலாக, தட்டையாக இருந்த அதே கல் மாலை வெயில் நேராக விழும்போது தேன் நிறமாகும், குழிகள் எல்லாம் ஆழமாகும். அதற்கப்புறம் ஓவியத்தின் முன்னால் நின்றால் யாரும் விளக்கத் தேவையிருக்காது.

அந்த மரச்சட்ட வீடுகள் நிஜமாகவே பழையவையா, இல்லை சுற்றுலாவுக்காகக் கட்டியதா?

பழையவைதான். கருவாலி மரத்தில் சட்டம் போட்டு, இடையில் மண்ணும் வைக்கோலும் அடைத்துப் பூசிய வீடுகள், பிரெஞ்சில் கொலொம்பாஜ் என்பார்கள். ஊரில் ஏறக்குறைய 2000 இருப்பதாகச் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் மரத்தை மறைத்துச் சாந்து பூசுவது நாகரிகமாக இருந்தது, பல வீடுகளின் சட்டங்கள் பிறகுதான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன.

வயது கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சொல்லித்தருகிறேன். மேல்மாடி கீழ்மாடியைவிடத் தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். 1520இல் அப்படிக் கட்டக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள், தெருக்கள் இருண்டு போய், காற்றில்லாமல், தீயும் வீட்டுக்கு வீடு தாவியது. ஆக, துருத்திக்கொண்டிருந்தால் அந்த வருடத்துக்கு முந்தியது, நேராக இருந்தால் அநேகமாகப் பிந்தியது. இதை ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால் பிள்ளைகள் அப்புறம் ஃபோனையே எடுக்க மாட்டார்கள், தெரு முழுக்க "இது முந்தி, இது பிந்தி" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள்.

கதீட்ரலின் பக்கவாட்டில் சென் ரொமான் தெரு, அதன் முடிவில் சென் மக்லூ தேவாலயத்துக்கு எதிரே சாய்ந்து நிற்கிற வீடுகள், அங்கிருந்து டமியெத் தெரு. இந்த மூன்றும்தான் என் விருப்பம். மாறாக, கதீட்ரலிலிருந்து நதிப்பக்கம் இறங்கினால் திடீரென்று எல்லாம் போருக்குப் பிந்திய கட்டடங்களாக இருக்கும். ஜெர்மன் படை நுழைந்த 1940 ஜூனில் அந்தப் பகுதி முழுக்க எரிந்தது. மிச்சத்தை 1944இல் நேசநாட்டு விமானங்களின் குண்டுகள் பதம் பார்த்தன, ஏப்ரலில் கதீட்ரலே விழுந்துவிடும் நிலைக்கு வந்தது, ஜூன் 1ஆம் தேதி பழைய கோபுரம் எரிந்து மணிகள் உருகி ஓடின. இன்று முழுசாக நிற்பதில் எவ்வளவோ திரும்பச் சேர்த்துக் கட்டியது. அது தெரிந்தபிறகு எனக்கு இந்த ஊர் மேல் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. எரிந்த நூலகங்களையும் இடிந்த கோயில்களையும் பார்த்த நம் ஆட்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதே இல்லை.

மண்டை ஓடு செதுக்கிய முற்றத்துக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. சென் மக்லூ ஏத்ர் என்று பெயர், அனுமதி இலவசம், மார்தென்வில் தெருவில் ஒரு சின்ன வாசலுக்குள்ளே ஒளிந்திருக்கிறது, தவறவிட்டுவிடுவது சுலபம். 1348 கொள்ளைநோயில் செத்தவர்களைப் புதைத்த இடம். 16ஆம் நூற்றாண்டில் மறுபடி நோய் வந்து இடம் போதாமல் ஆனபோது, பழைய எலும்புகளை எடுத்து மேலே அடுக்கி வைக்க முற்றத்தைச் சுற்றி மரக்கூடங்கள் கட்டினார்கள். தூண்களிலும் விட்டங்களிலும் மண்டை ஓடு, குறுக்கெலும்பு, மண்வெட்டி, சவப்பெட்டி எல்லாம் செதுக்கியிருக்கும். நடுவில் மரங்கள், புல், அமைதி. எலும்புகள் இப்போது இல்லை. பிந்திய காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்தது, பிறகு கவின்கலைக் கல்லூரி, பழுதுபார்த்து 2020இல் மறுபடி திறந்தார்கள். சுவருக்குள் கிடைத்த, காய்ந்துபோன ஒரு பூனையைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் முதலில் தேடுவது அதைத்தான்.

இந்த ஊருக்கும் நம் பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, துணி வழியாக. ஓ த ரொபெக் தெருவுக்குப் போங்கள். நடுவில் வாய்க்கால், குறுக்கே சின்னச் சின்னப் பாலங்கள். இப்போது ஓடுவது அழகுக்காக விட்ட தண்ணீர், முன்பு இங்கே உண்மையான ஓடை ஓடியது, அதில் சாயக்காரர்கள் துணி அலசினார்கள். அந்த வீடுகளின் உச்சியில் திறந்த பரண்கள் தெரியும், துணி உலர்த்துவதற்காக.

17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து போன பூத்துணிகள் பிரான்ஸில் பைத்தியம் பிடித்த மாதிரி விற்றன, அவற்றை அங்கே "இந்தியென்" என்றே அழைத்தார்கள். வெளுத்தாலும் போகாத சிவப்பு அவர்களுக்கு அதிசயம், நம் ஆட்கள் அதைச் சாயவேரிலிருந்து எடுத்தார்கள், மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்தில் தோண்டிய வேருக்கும் அந்த வியாபாரத்தில் பேர் இருந்தது. உள்ளூர் நெசவாளர்களின் பிழைப்புப் போகிறது என்று 1686இல் அரசன் இறக்குமதியையும் தயாரிப்பையும் தடைசெய்தான். யாரும் உடுத்துவதை நிறுத்தவில்லை. 1759இல் தடையை எடுத்ததும் ரூவான் வட்டாரம் அச்சடித்த பருத்தித் துணிக்கு முக்கியமான இடமாகிவிட்டது. அந்தத் துணிகளில் ஒரு பங்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை அடிமைகளாக வாங்கக் கைமாறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கைராசிக்காரச் சாயக்காரர்கள் ஒரு கரையில், அதைப் பார்த்துக் கற்றவர்கள் இன்னொரு கரையில். அந்தப் பரண்களைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அந்தச் சாயவேர் நினைவுதான் வரும்.

சாப்பாடு? சைவக்காரர்கள் என்ன செய்வது?

மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரை மணிக்கே உட்காருங்கள். இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டால் அப்புறம் கெஞ்சினாலும் கிடைக்காது. பழைய சந்தையைச் சுற்றி உணவகங்கள் அதிகம், அங்கே 1345 என்று ஆண்டு எழுதிய லா குரோன் பிரான்ஸின் மிகப் பழைய விடுதி தான்தான் என்கிறது. பிற்காலத்தில் பிரெஞ்சுச் சமையலை அமெரிக்காவுக்குச் சொல்லிக்கொடுத்த ஜூலியா சைல்ட் 1948 நவம்பரில் பிரான்ஸ் வந்திறங்கிய அன்று முதல் சாப்பாடு சாப்பிட்டது அங்கேதான், வெண்ணெயில் பொரித்த மீன். விலை அதிகம். வெளியே நின்று பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போவதில் தப்பில்லை.

சைவக்காரர்களுக்குச் சராசன் (பக்வீட்) மாவில் சுட்ட கலெத், நம் தோசைக்கு அண்ணன் தம்பி மாதிரி, காளானும் சீஸும் வைத்துக் கேட்கலாம். முட்டை வேண்டாம், பன்றி இறைச்சி வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்னொன்று, நார்மண்டிச் சீஸ்கள் பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் செய்தவை, சுத்த சைவம் பார்ப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. மற்றவர்கள் இதயவடிவ நெஃப்ஷாத்தல் சீஸை விடாதீர்கள், ஆப்பிள் இனிப்பும்.

எங்கள் வீட்டுப் பழக்கம் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போவது. சென் துவான் மடத்துக்குப் பின்னால் நகரசபைப் பூங்கா இருக்கிறது, பெரிய மரங்கள், பெஞ்சுகள், வாத்துகள். ஜோன் வாக்கு மாற்றிக் கையெழுத்திட்ட இடுகாடு அந்த மடத்தைச் சேர்ந்ததுதான்.

மழை? வயதானவர்கள் நடப்பார்களா?

பிரெஞ்சுக்காரர்களே ரூவானை நார்மண்டியின் மூத்திரச் சட்டி என்பார்கள், அவ்வளவு மழை. குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு நல்லது, தெருக்கள் குறுகல். கற்பாவு நனைந்தால் வழுக்கும், செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள சப்பாத்துப் போடுங்கள்.

போகும்போது இறக்கம் என்பதால் யாருக்கும் களைப்புத் தெரியாது. திரும்பி ஸ்டேஷனுக்கு ஏறுவதுதான் சிரமம். அதற்கு மெத்ரோ என்று அவர்கள் அழைக்கிற டிராம் இருக்கிறது, நீதிமன்ற மாளிகை நிறுத்தத்தில் ஏறினால் அடுத்ததே ஸ்டேஷன். எங்கள் மாமியை அப்படித்தான் கூட்டிவந்தோம், 70 வயதுக்கு மேல், பகல் முழுக்க நடந்துவிட்டுப் புன்னகையோடுதான் ரயிலேறினார்.

வந்தது வந்தோம், ஜிவெர்னியையோ எத்ரெத்தாவையோ அதே நாளில் சேர்த்துவிடலாமா?

வேண்டாம். ஜிவெர்னி அதே ரயில் பாதையில் வெர்னோன் பக்கத்தில் இருப்பதால் ஆசை வருவது இயல்புதான். ஆனால் மோனேயின் தோட்டம் ஏப்ரலிலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும், ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், அதிலேயே அரை நாள் போய்விடும். கடற்கரை ஊரான எத்ரெத்தாவுக்கு ரயிலே இல்லை. ரூவானில் மிச்சப்படுத்துகிற நேரம் என்பது கண்ணாடி முன்னால் உட்காராத கால் மணி, கதீட்ரலை இரண்டாம் தடவை பார்க்காத அரை மணி, வழிதவறிப் போய் ஒரு சின்னத் தெருவைக் கண்டுபிடிக்காத ஒரு மணி, இவற்றின் கூட்டுத்தான்.

எத்தனை மணிக்குத் திரும்பலாம்?

குளிர்காலம் என்றால் ஆறு மணிக்குக் கிளம்பிவிடலாம், இருட்டிவிடும். கோடையில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இருட்டியபிறகு கதீட்ரல் முகப்பில் ஒளிக்காட்சி காட்டுவார்கள், இலவசம், சதுக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் ஜூனில் இருட்டவே பத்தரை, பதினொன்று ஆகும், அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே பாரிஸ் திரும்புவது நடக்காது. அதற்கு மட்டும் ஒரு இரவு அறை எடுங்கள். மற்றபடி போகிறபோதே திரும்புகிற ரயிலுக்கும் டிக்கெட் எடுத்து, அது கடைசி ரயிலாக இல்லாமல் அதற்கு முந்தியதாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.